பூட்டிக்கொண்ட ஜாதகங்கள்

— நான் போன்ல சொன்னவுடனே நெட் வயரைப் புடுங்கிட்டீங்கல்ல மாமி?

— புடுங்கினேன். ஃபேனும் சேர்ந்து நின்னுடுத்து.

— ஃபேன் வயரையும் புடுங்கியிருக்கீங்க.

— எது எதுன்னு யார் கண்டா? எல்லாம் கறுப்பா இருந்தது. உக்காரு ரஞ்சித். திருவெறும்பூர்லேர்ந்து இந்த வெயில்ல வண்டியில வந்திருக்கே. மோர் தரட்டுமா?

— அப்புறம். முதல்ல மெஷினைப் பார்க்கிறேன்.

— இப்ப ஆரம்பிக்காதே. வெள்ளிக்கிழமை, பத்தரைலேர்ந்து பன்னெண்டு ராகு காலம்.

— உள்ள பூந்தவன் ராகு காலம் பார்க்கலை மாமி.

— அவன் மிலேச்சன். நீ பார்க்கலாமோல்லியோ?

— நான் வண்டிக்கு பெட்ரோல் மட்டும்தான் பார்ப்பேன். பாருங்க, ஒவ்வொரு ஜாதகத்தோட பேருக்குப் பின்னாலயும் புதுசா நாலு எழுத்து ஒட்டியிருக்கு. திறந்தா குப்பை. எத்தனை ஜாதகம் வச்சிருந்தீங்க?

— மூவாயிரத்து எண்ணூத்துப் பன்னெண்டு. பதினேழு வருஷத்து உழைப்பு. வடக்குச் சித்திரை வீதி வத்ஸலாகிட்ட ஜாதகம் கொடுத்தா அடுத்த ஏகாதசிக்குள்ள மாலை மாத்திடலாம்னு ஊர்ல ஒரு பேர். நாளன்னிக்கு ஞாயித்துக்கிழமை மண்டபத்துல நாப்பது குடும்பம் வரா. யாருக்கு யார்னு நான் லிஸ்ட் போட்டுக் கையில கொடுக்கணும். அதுக்குள்ள இது திறந்தாகணும்.

— திறக்கும்னு நான் சொல்லலை.

— திறக்காதுன்னும் சொல்லாதே. முதல்ல ஒருத்தன் வந்தான், பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வச்சிருக்கான். எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டுடலாம் மாமின்னான். தலைவலிக்குத் தலையை எடுக்கறவன். அனுப்பிட்டேன்.

— நல்ல காரியம். இந்த லெட்டரைப் படிச்சீங்களா? ஒவ்வொரு ஃபோல்டர்லயும் ஒண்ணு வச்சிட்டுப் போயிருக்கான்.

— படிச்சேன். "கவலைப்படாதீங்கோ, உங்க ஃபைல் எல்லாத்தையும் திருப்பி வாங்கிக்கலாம்"னு ஆரம்பிச்சிருந்தான். நல்ல பிள்ளையா இருக்கானேன்னு நெனச்சேன்.

— மூணு நாளைக்குள்ள பணம் கட்டினா பாதி விலைன்னும் போட்டிருக்கான்.

— அதையும் பார்த்தேன். துணிக்கடைக்காரன் தோத்தான்.

— இதுக்குப் பேர் ரேன்சம்வேர். உங்க வீட்டுக்குள்ள வந்து உங்க பீரோவுக்கே வேற பூட்டு போட்டுட்டு, சாவிக்குக் காசு கேட்கிறது. பொருளை எடுத்துட்டுப் போற சிரமம்கூட கிடையாது. அவ்வளவுதான் மேட்டர்.

— நான் அவனுக்கு பதில் எழுதினேன்.

— என்னது?

— மரியாதையாத்தான் எழுதினேன். இது கல்யாணக் காரியம்ப்பா, உனக்குப் புண்ணியமா போகும், திறந்து விட்டுடு. உனக்குக் கல்யாணம் ஆகலேன்னா ஜாதகம் அனுப்பு, நானே நல்ல இடமா பார்த்துத் தரேன்னு.

— எழுதினீங்க.

— எழுதினேன். அப்படி ஒரு அட்ரஸே இல்லேன்னு திரும்பி வந்துடுத்து.

— அப்ப இது பழைய சரக்கு. இதைச் செஞ்ச ஆளுங்க கடையை மூடிட்டாங்க. இல்ல ஜெயிலுக்குப் போயிட்டாங்க. இது மட்டும் எவன்கிட்டயோ பத்திரமா தூங்கிட்டு இருந்திருக்கு.

— கடத்தினவன் போய்ச் சேர்ந்துட்டான். குழந்தை மட்டும் கட்டிப் போட்டபடி இருக்கு. அப்படித்தானே?

— அப்படித்தான். காசு கொடுக்கணும்னு நீங்க நெனச்சாலும் வாங்க ஆள் இல்லை. ஆனா பழசா இருக்கறதுல ஒரு நல்லது இருக்கு, அப்புறம் சொல்றேன். எப்படி உள்ள வந்துச்சு? புதுசா என்ன போட்டீங்க?

— நான் ஒண்ணும் போடலே.

— மாமி.

— ஜாதகம் கணிக்கற சாஃப்ட்வேர் போட்டேன். பழசு நின்னுடுத்து. புது லைசென்ஸ் வாங்குன்னு கேட்டது. கீழ உத்தர வீதி சௌரிராஜன் மாமா, பென் டிரைவ்ல ஒண்ணு இருக்கு, லைசென்ஸே வேண்டாம்னார்.

— கிராக். திருட்டுக் காப்பி.

— அவர் அந்த வார்த்தை சொல்லலே. பிரசாதம் மாதிரி எல்லாருக்கும் கொடுத்துண்டிருக்கேன்னார்.

— போடும்போது ஆன்ட்டி-வைரஸ் தடுத்திருக்குமே.

— தடுத்தது. சிவப்பா ஒரு பெட்டி வந்து கத்தித்து. அதை அணைச்சுட்டுத்தான் போடணும்னு பென் டிரைவ்லயே எழுதி வச்சிருந்தது. அணைச்சேன்.

— வாட்ச்மேனுக்கு லீவு கொடுத்துட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்து விட்டிருக்கீங்க.

— நல்ல நேரம் பார்த்துத்தான் திறந்தேன்.

— அவனுக்கு நல்ல நேரம். அப்புறம்?

— விண்டோஸ் அப்டேட் ஆயிண்டிருக்கு, அணைக்காதேன்னு காட்டித்து. சரி ஆகட்டும்னு நான் உள்ள போய்த் தளிகை பண்ணினேன். திரும்பி வந்தா இந்தக் கோலம்.

— அது அப்டேட் இல்லை மாமி. அது வெறும் திரை. நீங்க அதைப் பார்த்துட்டு சும்மா இருக்கணும், அதுக்குத்தான். பின்னால ஒவ்வொரு ஃபைலா பூட்டிட்டு இருந்திருக்கு. நீங்க ரசம் வைக்கற நேரம் அதுக்குப் போதும்.

— சாத்தமுது.

— சாத்தமுது வைக்கற நேரம் போதும். இந்த டப்பா என்ன? வெளியில தொங்குதே.

— அது காப்பி எடுத்து வைக்கற ஹார்ட் டிஸ்க். என் தம்பி பிள்ளை ஜகன்னாத் வாங்கிக் கொடுத்தான். நீ என்னைப் பத்தி என்ன நெனச்சே? எல்லாம் முன்ஜாக்கிரதையா பண்ணி வச்சிருக்கேன்.

— எப்பலேர்ந்து மாட்டியிருக்கு?

— வாங்கின நாள்லேர்ந்து. ஒரு நாள்கூடக் கழட்டினதில்லே.

— அதான் அதுவும் பூட்டிக்கிச்சு. காப்பி எடுத்ததும் கழட்டி பீரோவுல வச்சிருந்தா தப்பிச்சிருக்கும். பேப்பர் இருக்குமே? ஜாதகம் கொடுக்கறவங்க பேப்பர்லதானே கொடுப்பாங்க?

— இருந்தது. காவேரில விட்டுட்டேன்.

— காவேரிலயா?

— ஒவ்வொரு ஜாதகத்துலயும் மேல பெருமாள் படம், நாலு மூலையிலயும் மஞ்சள். பழைய பேப்பர்காரன்கிட்ட எடைக்குப் போட முடியுமா? நாளைக்கு ஒருத்தன் அதுல பஜ்ஜி மடிச்சுக் கொடுப்பான். கம்ப்யூட்டர்ல ஏத்தினதும் கட்டி வச்சு, ஆடிப் பதினெட்டன்னிக்கு அம்மா மண்டபம் படித்துறையில விட்டுடுவேன். வருஷா வருஷம்.

— மூவாயிரம் பேரோட தலையெழுத்தைத் தண்ணியில கரைச்சிருக்கீங்க.

— மரியாதையாக் கரைச்சேன்.

— சரி. இனிமே நீங்க எதையும் தொடாதீங்க. முதல்ல பூட்டின ஃபைலை அப்படியே என் டிஸ்க்குல ஒரு காப்பி எடுத்துக்கறேன்.

— பூட்டினதை வச்சுண்டு என்ன பண்ணுவே?

— திறக்கும்போது ஏதாவது கெட்டுப் போச்சுன்னா மறுபடி முயற்சி பண்ணலாம். அப்புறம் சேஃப் மோட்ல எழுப்பி, இன்னொரு சுத்தமான ஆன்ட்டி-வைரஸை வச்சுப் பூச்சியைக் கொல்லணும். அது உசுரோட இருக்கும்போது திறந்தா, திறந்ததையே மறுபடி பூட்டும். மோரை இப்பக் கொடுங்க. நேரம் ஆகும்.

— நீ என்ன படிச்சிருக்கே?

— இன்ஜினியரிங் மூணாவது வருஷம் விட்டுட்டேன்.

— ஏன்?

— போரடிச்சுது. சென்னையில ஆறு வருஷம் நைட் ஷிஃப்ட். பாஸ்வேர்ட் மறந்துபோன அமெரிக்காக்காரனுக்குப் புது பாஸ்வேர்ட் கொடுக்கற வேலை. அப்புறம் அதுவும் போரடிச்சுது.

— கல்யாணம்?

— ஆச்சு. பத்துக்கு ஒன்பது பொருத்தம். ஒன்பது மாசம் இருந்தா.

— யார் பார்த்த ஜாதகம்?

— ஜீயபுரத்துல ஒருத்தர்.

— என்கிட்ட வந்திருக்கணும்.

— நீங்க பத்தாவதையும் போட்டுக் கொடுத்திருப்பீங்க. இருங்க, ஸ்கேன் முடிஞ்சிருச்சு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை தன்னைத்தானே எழுப்பிக்கற மாதிரி அலாரம் வச்சிருந்துச்சு. அதை எடுத்துட்டேன். சௌரிராஜன் மாமாவோட பிரசாதத்தையும் தூக்கிட்டேன். இப்ப நெட் வயரை மறுபடி மாட்டியாச்சு. பேங்க் பாஸ்வேர்ட் எல்லாத்தையும் இன்னிக்கே உங்க போன்லேர்ந்து மாத்துங்க. இந்த ஜாதி பூட்டறதோட நிக்காது, அலமாரியையும் எட்டிப் பார்த்திருக்கும்.

— அப்போ சரியாயிடுத்தா?

— பூட்டினவனைக் கொன்னாச்சு. பூட்டு அப்படியே இருக்கு.

— ரங்கா. இதென்ன வைத்தியம்?

— பழசா இருக்கறது நல்லதுன்னு சொன்னேன்ல? புது வகைன்னா இங்கேயே கும்பிடு போட்டுட்டு வண்டியை எடுத்திருப்பேன். இந்த வகைக்கு மட்டும் நல்லவங்க சில பேர் திறக்கற ப்ரோக்ராம் எழுதி இலவசமா போட்டிருக்காங்க. அதுக்கு ஒரு ஜோடி வேணும்.

— ஜோடி சேர்க்கறதுதானே என் தொழில்.

— ஒரே ஃபைல்ல பூட்டினது ஒண்ணு, பூட்டாதது ஒண்ணு. ரெண்டையும் பக்கத்துல வச்சா சாவியைக் கண்டுபிடிச்சுடும். அதை வச்சு அந்த வகை ஃபைல் எல்லாத்தையும் திறக்கலாம். உங்க ஈ.பி. பில் ஒண்ணு மெயில்ல பூட்டாம கிடந்துச்சு. அதைக் கொடுத்தேன், பி.டி.எஃப். எல்லாம் திறந்துக்கிச்சு.

— ஜாதகம்?

— ஜாதகம் வேற வகை. அந்த சாஃப்ட்வேர் தனக்குன்னு சொந்தமா ஒரு வகை வச்சிருக்கு. இப்போதைக்கு உங்களுக்குக் கிடைச்சது இருபத்தெட்டு ஈ.பி. பில், ஒரு புளியோதரைக் குறிப்பு.

— ஞாயித்துக்கிழமை நாப்பது பேருக்கும் புளியோதரை கிண்டிப் போட்டு அனுப்பச் சொல்றியா?

— மத்த புரோக்கருங்க யாராவது உங்களுக்கு இந்த வகையில அனுப்பியிருப்பாங்களே?

— அனுப்புவா. நான் இதுல ஏத்தினதில்லே. அடுத்தவா கணிச்சதை நான் தொட மாட்டேன். பேப்பரா வாங்கி, நானே உக்காந்து ஒண்ணொண்ணா அடிப்பேன். இந்தக் கம்ப்யூட்டர் மடி.

— அவ்வளவு மடி பார்த்துட்டுக் கிராக்கை உள்ள விட்டிருக்கீங்க.

— குத்திண்டே இரு.

— சரி, நீங்க வெளியில அனுப்பினது?

— அது ஏராளம். கும்பகோணம், மாம்பலம், மைலாப்பூர் ஜோசியாளுக்கெல்லாம் மெயில்லதான் போகும்.

— அப்பப் பிரச்சினையே இல்லை. ஒண்ணே ஒண்ணு போதும். மெயிலைத் திறக்கறேன்... இதோ, ஒரு பையன். சைஸ் ஒத்து வரலையே. அடுத்தது... இதுவும் இல்லை.

— வேற பாரு.

— பார்த்துட்டுத்தான் இருக்கேன். ஒரு எழுத்துகூட மாறியிருக்கக் கூடாது மாமி, அச்சு அசலா அதே ஃபைலா இருக்கணும். இதுவும் இல்லை. எட்டு பார்த்தாச்சு. நீங்க வெளியில அனுப்பினதும் உள்ள வச்சிருக்கறதும் ஒண்ணுலகூட ஒண்ணா இல்லை. அதெப்படி?

— இன்னும் கொஞ்சம் மோர்?

— மாமி.

— கதவைச் சாத்து.

— எதுக்கு?

— வாசல்ல காளியாயி பூ கட்டிண்டு உக்காந்திருக்கா. அவ காதுல விழுந்தா சாயரட்சைக்குள்ள நாலு சித்திரை வீதிக்கும் தெரிஞ்சுடும்.

— சாத்திட்டேன். சொல்லுங்க.

— நான் மாத்தித்தான் அனுப்புவேன்.

— எதை?

— பிறந்த நேரத்தை. ஒருத்தருக்கு எட்டு நிமிஷம், ஒருத்தருக்குக் கால் மணி. லக்னம் நகரும். செவ்வாய் தொந்தரவு இல்லாத எடத்துல போய் உக்காந்துடுவார்.

— அதாவது டுபாக்கூர்.

— வாயை அலம்பு. முழுசாக் கேளு. பிள்ளைக்கும் செவ்வாய் தோஷம், பொண்ணுக்கும் செவ்வாய் தோஷம்னா ஒண்ணுக்கொண்ணு சரியாப் போயிடும். இது நான் கண்டுபிடிச்சதில்லே, சாஸ்திரம். ஆனா ரெண்டு ஆத்து மனுஷாளும் என்ன சொல்லுவா தெரியுமா? எங்களுக்கு சுத்த ஜாதகம்தான் வேணும்பா. தன் பிள்ளை ஜாதகத்துல தோஷத்தை வச்சுண்டு கூசாம சொல்லுவா. அதனால ரெண்டு பக்கமும் சுத்தம்னே காட்டிடுவேன். நிஜத்தை மட்டும் இதுக்குள்ள வச்சுப்பேன். நிஜத்துக்கு நிஜம் சரியா இருக்கான்னு பார்த்துத்தான் சேர்ப்பேன்.

— அவங்களுக்குத் தெரியாம.

— பெருமாளுக்குத் தெரியும்.

— அவர் புகார் கொடுக்க மாட்டார். சரி, ஞாயித்துக்கிழமை அந்த நாப்பது பேரையும் கேட்டு மறுபடி நிஜத்தை எழுதிக்க வேண்டியதுதானே?

— சொல்லுவாளா? சுத்த ஜாதகம்னு ஒருதடவை கையில காகிதம் வந்துடுத்துன்னா பழசை யாரும் வாயால சொல்ல மாட்டா. பாதிப் பேர் அதை நம்பவே ஆரம்பிச்சுட்டா. நிஜம் இந்த உலகத்துல இந்தப் பெட்டிக்குள்ள மட்டும்தான் இருக்கு ரஞ்சித். அது கையில இருக்கற வரைக்கும் நான் பண்றது கல்யாணம். அது போயிடுத்துன்னா நான் பண்றது மோசடி. ஞாயித்துக்கிழமை யாரை யாரோட சேர்ப்பேன்? சீட்டுக் குலுக்கியா?

— மாத்தாம அனுப்பினது ஒண்ணுகூடவா இல்லை?

— இல்லே.

— யோசிச்சுச் சொல்லுங்க. ஒண்ணு.

— ஒண்ணு இருக்கு.

— யாருது?

— என் பொண்ணு கமலினியோடது.

— ஊருக்கெல்லாம் மாத்தினீங்க. உங்க பொண்ணுக்கு மாத்தலையா?

— கை வரலே. ஊர்ல உள்ள செவ்வாயையெல்லாம் தள்ளி உக்கார வச்சவ, சொந்த ஆத்துலயும் தள்ளினா அப்புறம் நான் யாரு? அவளுக்கு எட்டுல செவ்வாய். பொண் ஜாதகத்துல எட்டுல செவ்வாய்னா மாங்கல்யத்துக்கு ஆகாதும்பா. அவ தாத்தா கையால எழுதினதுல ஒன்பதுல இருந்தது. ஆனா அவர் வாக்கியப் பஞ்சாங்கம். கம்ப்யூட்டர் போடறது திருக்கணிதம், கணக்கே வேற. லக்ன விளிம்புல பொறந்தவாளுக்கு இப்படி மாறும்னு ஜோசியரும் சொன்னார். நானும் ஏத்துண்டேன். பதினாலு எடம் வந்தது. பதினாலும் எட்டுல செவ்வாய்னு எழுந்து போயிடுத்து. இப்போ நாப்பது வயசு. புனேல வேலை. தனியா இருக்கா.

— அந்த ஃபைல் உங்க மெயில்ல ஏன் இல்லை?

— அப்போ நேக்கு மெயிலே கிடையாது. அவதான் தன் மெயில்லேர்ந்து கும்பகோணத்துக்கு அனுப்பினா.

— கூப்பிடுங்க.

— வேலை நேரம். திட்டுவா.

— மூவாயிரத்து எண்ணூறு மாமி.

— மூவாயிரத்து எண்ணூத்துப் பன்னெண்டு. இரு, ஸ்பீக்கர்ல போடறேன்.

— என்னம்மா? மீட்டிங்ல இருக்கேன். யாருக்கு உடம்பு?

— கம்ப்யூட்டருக்குடி கமலினி.

— வைக்கறேன்.

— மேடம், வைக்காதீங்க. நான் ரஞ்சித், கம்ப்யூட்டர் பார்க்க வந்திருக்கேன். ரேன்சம்வேர். ஜாதகம் மொத்தமும் பூட்டிக்கிச்சு.

— ஆன்ட்டி-வைரஸை அணைச்சாளா?

— நல்ல நேரம் பார்த்து.

— கடவுளே. நான் என்ன பண்ணணும்?

— உங்க ஜாதகத்தை ரொம்ப வருஷம் முன்னாடி மெயில்ல கும்பகோணத்துக்கு அனுப்பினீங்களாமே. அந்த ஃபைல் வேணும். அது கிடைச்சா மத்தது எல்லாம் திறக்கும்.

— வேற யாரோடதும் ஆகாதா?

— மத்தது எல்லாத்துலயும் அம்மா நேரத்தை நகர்த்தியிருக்காங்க. உங்களோடது மட்டும்தான் ஒரிஜினல்.

— அவர்கிட்ட அதையும் சொல்லியாச்சாம்மா?

— டாக்டர்கிட்ட மறைக்கப்படாதுடி. தேடிக் கொடு.

— தேடறேன். இருங்கோ. பழைய மெயில்... கிடைச்சுது. என் பேர்லயே ரெண்டு இருக்கு. ரெண்டும் ஒரே நாள்.

— ரெண்டையும் அனுப்பிடுங்க மேடம்.

— வேண்டாம், ஒண்ணு போதும். எதுன்னுதான் ஞாபகம் இல்லே. இதோ, இது முதல் ஃபைல். அனுப்பிட்டேன்.

— வந்துருச்சு. பக்கத்துல வச்சுப் பார்க்கறேன். சைஸ் கிட்டக்க வருது. ஆனா ஒத்து வரலை மாமி. இதுவும் வேற.

— அதெப்படி வேறயாகும்? நான் அதுல கை வைக்கலே. ரங்கன் மேல சத்தியம்.

— நீங்க வைக்கலைன்னா வேற யாரோ வச்சிருக்காங்க.

— இல்லே, இது பெருமாள் கணக்கு தீர்க்கறார். கேட்டியா கமலினி? மூவாயிரம் பேருக்குப் பொய் சொன்னேன், அவாள்ளாம் குழந்தை குட்டியோட இருக்கா. ஒரே ஒரு ஜாதகத்துல நேர்மையா இருந்தேன். அதுக்கு நீ அனுபவிக்கறே. ஒவ்வொரு எடமும் எழுந்து போறப்ப உன் ஃபைலைத் திறந்து வச்சுண்டு உக்காந்திருப்பேன். எட்டு நிமிஷம். எட்டே நிமிஷம் தள்ளிட்டா உனக்கு ஒரு துணை கிடைச்சிருக்கும். விரலை வச்சுண்டு, எடுத்துடுவேன். நீ தனியா இருக்கறதுக்கு நான்தாண்டி காரணம்.

— அம்மா.

— இப்போ அந்த நேர்மையும் ஒத்து வரலேங்கறான்.

— அம்மா, அழாதே. ரஞ்சித், ரெண்டாவது ஃபைலையும் அனுப்பிட்டேன். அதைப் போட்டுப் பாருங்கோ.

— போட்டுட்டேன் மேடம். இருங்க... இது அச்சு அசலா ஒத்து வருது. சாவி கிடைச்சிருச்சு. மாமி, இங்க பாருங்க. ஓடுது. ஒண்ணு, ரெண்டு, பத்து... திறந்துட்டே போகுது.

— ரங்கா! என் ரங்கா! நீ நன்னா இருக்கணும்ப்பா. கமலினி, நீயும்டி. ஆனா உனக்கு இருக்கறது ஒரு ஜாதகம். ரெண்டு ஃபைல் எதுக்குடி?

— இப்போ முதல்ல அனுப்பினேனே, அதுதாம்மா நான் பொறந்த நிஜ நேரம், மாத்தறதுக்கு முன்னாடி எனக்கே அனுப்பி வச்சுண்டது. இது, நீ கம்ப்யூட்டர்ல ஏத்தின அன்னிக்கே, காபி போட அடுக்களைக்குப் போனப்ப நான் மாத்தி வச்சது. எனக்குக் கல்யாணம் வேண்டாம்னு உங்கிட்ட வாயால சொன்னா நீ கேட்டிருக்க மாட்டே. எட்டுல செவ்வாயைக் கொண்டுபோய் உக்கார வச்சது நான்தான்.